படுக்கையில் இருக்கும் பெரியவர்களின் நிமோனியாவைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 12 உலக நிமோனியா தினத்தை ஒட்டி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். குழந்தைகளுக்கு வரும் நிமோனியாவைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தீர்கள். எந்த மாதத்தில் எந்தத் தடுப்பூசி, மூச்சை எப்படி எண்ணுவது, நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் பெரியவர்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது, முதியவர்களும் கவனமாக இருக்க வேண்டும் என்று. எப்படிக் கவனமாக இருப்பது, எதைப் பார்த்துக் கவனமாக இருப்பது என்று அந்த வரி சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொண்டு முழுவதும் படியுங்கள்.

நான் அரசு மருத்துவமனையில் மெடிசின் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் பக்கத்து ஊர்களில் பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்கள், மறதி நோய் வந்தவர்கள், இடுப்பு எலும்பு உடைந்து எழுந்திருக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் போய், பார்த்துக்கொள்கிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து வருகிறேன். வார்டிலும் சரி, வீடுகளிலும் சரி, இவர்களில் பலரைக் கடைசியில் கொண்டுபோனது பக்கவாதமோ எலும்பு முறிவோ இல்லை, அதற்குப் பிறகு வந்த நிமோனியா. அதை எல்லோரும் "வயசாயிடுச்சு, நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு, அவ்வளவுதான்" என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். டாக்டர்களில்கூடச் சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. ஏனென்றால் இதில் எவ்வளவோ தடுக்கக்கூடியது என்று ஆராய்ச்சிகள் சொல்லி 25 வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்தச் செய்தி மட்டும் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் வந்து சேரவே இல்லை.

முதலில் நோயைக் கண்டுபிடிப்பதிலேயே தவறு நடக்கிறது. நிமோனியா என்றால் குளிர் காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு வலிக்கும், இருமி இருமிச் சளி வரும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எழுபது எண்பது வயதில், அதுவும் சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவருக்குக் காய்ச்சலே வராமல் போகலாம். இருமுவதற்கே உடம்பில் தெம்பு இருக்காது. அதற்குப் பதில் என்ன தெரியும் என்றால், நேற்று வரை இரண்டு இட்லி சாப்பிட்டவர் இன்று வாயைத் திறக்க மாட்டார், சம்பந்தமில்லாமல் பேசுவார், மகளைப் பார்த்து நீ யார் என்பார், பகலெல்லாம் தூங்குவார், கட்டிலிலிருந்து எழுந்தவர் கீழே விழுவார், இதுவரை இல்லாமல் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடும். வீட்டில் இருப்பவர்கள் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்து இரண்டு மூன்று நாள் பார்ப்பார்கள், அதற்குள் நுரையீரலில் பாதி நிரம்பிவிடும். திடீரென்று வரும் இந்தக் குழப்பம் வயதால் வருவது இல்லை. வயது ஒரே ராத்திரியில் கூடிவிடாது. திடீர்க் குழப்பம் என்றால் உள்ளே ஏதோ நோய் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே காட்ட வேண்டும்.

இது நான் சும்மா அனுபவத்தில் சொல்வது இல்லை. நிமோனியா எவ்வளவு தீவிரம், நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா சேர்க்க வேண்டுமா என்று முடிவு செய்ய 2003இல் வெளியான ஒரு கணக்கை உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள், கர்ப்-65 என்று பெயர். அதில் ஐந்து கேள்விகள்தான். புதிதாகக் குழப்பம் வந்திருக்கிறதா, ரத்தத்தில் யூரியா என்ற கழிவு கூடியிருக்கிறதா, நிமிடத்துக்கு மூச்சு 30 அல்லது அதற்கு மேலா, ரத்த அழுத்தம் மேல் அளவு 90க்குக் கீழோ கீழ் அளவு 60 அல்லது அதற்கும் கீழோ போய்விட்டதா, வயது 65 அல்லது அதற்கு மேலா. காய்ச்சல் இதில் இல்லவே இல்லை, குழப்பம் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். யூரியாவுக்கு மட்டும்தான் ரத்தப் பரிசோதனை வேண்டும், மற்ற நான்கையும் கடிகாரமும் பிரஷர் பார்க்கும் கருவியும் இருந்தால் கிராமத்துச் செவிலியரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். யூரியாவை விட்டுவிட்டு மற்ற நான்கை மட்டும் பார்க்கும் முறையும் புழக்கத்தில் இருக்கிறது.

மூச்சை எண்ணுவது என்றால் ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது பெரியவர்களிடம் ஏமாற்றிவிடும், அவர்கள் மூச்சு சீராக இருக்காது. எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எண்ணினாலும் மாறிவிடும், அதனால் நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். சாதாரணமாக 12 முதல் 20 வரை இருக்கும். 25ஐத் தாண்டினால், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டிப் பாருங்கள், கொரோனா காலத்தில் வாங்கியது பல வீடுகளில் பீரோவில் கிடக்கிறது. விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் வேறு விரலில் மாட்டுங்கள், கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். எப்போதும் 97, 98 காட்டுகிறவருக்கு 93க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது.

சரி, கண்டுபிடிப்பதை விட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், வராமல் தடுப்பது.

படுக்கையில் இருப்பவர்களுக்கு வரும் நிமோனியாவில் பெரும்பகுதி வெளியிலிருந்து காற்றில் வருவது இல்லை. அவர்களுடைய வாயிலிருந்தே, சாப்பாட்டோடும் எச்சிலோடும் சேர்ந்து, உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி வருவது. நமக்குப் புரையேறினால் இருமித் தள்ளிவிடுகிறோம், யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி அம்மா தலையில் தட்டுவார்கள், முடிந்தது. பக்கவாதம் வந்தவர்கள், நடுக்குவாத நோய் உள்ளவர்கள், மறதி நோய் முற்றியவர்கள் ஆகியோருக்குத் தொண்டையில் அந்த உணர்வே மழுங்கிப் போயிருக்கும். இவர்களில் பலருக்குப் புரையேறும்போது இருமல் வருவதே இல்லை. சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு நன்றாகச் சாப்பிடுகிற மாதிரிதான் தெரியும். சாப்பிட்ட பிறகு குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் கொழகொழவென்று இருந்தால், தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால், கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியே இருந்தால், சாப்பிடும் நேரத்தில் மட்டும் கண்ணில் நீர் வந்தால், விழுங்குவதில் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம்.

1998இல் அமெரிக்காவில் 189 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து, யாருக்கு இந்த வகை நிமோனியா வருகிறது என்று ஒரு ஆய்வு செய்தார்கள். விழுங்கும் கோளாறு ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் போதாது என்று கண்டார்கள். மற்றவர் கையால் ஊட்டிவிடப்படுவதுதான் முதல் இடத்தில் வந்தது. அடுத்து வாயைச் சுத்தம் செய்ய மற்றவரை நம்பியிருப்பது, சொத்தைப் பற்கள், குழாய் வழி உணவு, பல நோய்கள், புகைப் பழக்கம் இப்படிப் போகிறது பட்டியல். ஊட்டிவிடுகிற அளவுக்குப் போனவர்கள் உடம்பாலும் பலவீனமானவர்கள், அதுவும் இதில் சேர்ந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஊட்டும் விதத்தைப் பார்த்திருக்கிறவளுக்கு அந்த முடிவு நன்றாகவே புரிகிறது. தானே சாப்பிடுகிறவர் தனக்கு எப்போது அடுத்த வாய் வேண்டும் என்று தானே முடிவு செய்கிறார். ஊட்டிவிடும்போது அதை நாம் முடிவு செய்கிறோம். வேலைக்குப் போகும் அவசரத்தில் மருமகள் ஊட்டுவார், சம்பளத்துக்கு வந்திருக்கும் ஆயாம்மாவுக்கு அடுத்த வீட்டுக்கும் போக வேண்டும். படுத்தவாக்கில் தலையணையை மட்டும் கொஞ்சம் உயர்த்தி, பெரிய கரண்டியில், முதல் வாய் உள்ளே போனதா என்று பார்ப்பதற்குள் அடுத்த வாய். யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை, அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் கொடுக்கும் தாளில் மாத்திரைப் பெயர்கள் ஒரு பக்கம் இருக்கும், எப்படி ஊட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். முடிந்தவரை நேராக உட்காரவைத்து ஊட்டுங்கள், முடியாதவரை முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கியாவது நிமிர்த்துங்கள். தலை பின்னால் சாயக் கூடாது, அண்ணாந்து பார்த்தபடி விழுங்கினால் மூச்சுக்குழாய்தான் திறக்கும். நாம் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்துதான் பார்ப்பார், அதனால் நாமும் உட்கார வேண்டும். டீ ஸ்பூன் போதும். தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள், சாப்பிடும்போது அவரைப் பேச வைக்காதீர்கள். தண்ணீர், காபி, மோர், ரசம் போன்றவைதான் கெட்டியான கஞ்சியைவிடச் சீக்கிரம் புரையேறும், இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. திடமும் நீரும் கலந்தது இன்னும் கஷ்டம், இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுக் கொடுப்பதைவிடக் குழைத்துக் கொடுப்பது நல்லது. சாப்பிட்ட பிறகு அரைமணி நேரமாவது உட்காரவைத்திருங்கள். அரைத்தூக்கத்தில் இருக்கும்போது எக்காரணம் கொண்டும் வாயில் எதையும் விடாதீர்கள், ஒரு வேளை சாப்பாடு தள்ளிப் போனால் ஒன்றும் ஆகிவிடாது. தூக்க மாத்திரை கொடுத்திருந்தால் அந்த மயக்கத்திலும் ஊட்டக் கூடாது. அந்த மாத்திரை தேவைதானா என்றே டாக்டரிடம் ஒரு தடவை கேளுங்கள்.

மூக்கு வழியாக டியூப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். தீராது. எச்சில் அதே வாயில்தான் ஊறுகிறது, வயிற்றில் போட்டது மேலே எதுக்களித்து வரவும் செய்யும். டியூப் உள்ளவரையும் தலைப்பக்கம் உயர்த்தித்தான் வைத்திருக்க வேண்டும். 1999இல் பார்சிலோனாவில் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளில் ஒரு பிரிவினரை மல்லாக்கவும், இன்னொரு பிரிவினரைத் தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்தியும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். மல்லாந்து படுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிமோனியா அறிகுறி வந்தது, தலையை உயர்த்திப் படுத்தவர்களில் 8 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான், மொத்தமே 86 பேர், ஐசியுவில் நடந்தது. ஆனாலும் கட்டிலின் தலைமாட்டில் இரண்டு செங்கல் வைக்க யாருக்கும் செலவு இல்லையே.

இப்போது வாய்ச் சுத்தம். நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். படுத்திருப்பவருக்கு உடம்பு துடைத்துவிடுவார்கள், புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பார்கள், பவுடர் போடுவார்கள், தலைவாரிவிடுவார்கள். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் வெள்ளையாகப் பூத்திருக்கும், மேலண்ணத்தில் காய்ந்த சளி ஒட்டியிருக்கும், பல் இடுக்கில் முந்தாநாள் சோறு இருக்கும். ஆரோக்கியமான மனிதர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகத்தான் செய்கிறது, அதைப் பழைய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. நமக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் நம் எச்சிலில் கிருமி குறைவு, நுரையீரல் அதைச் சமாளித்துவிடுகிறது. அழுக்கு வாயிலிருந்து இறங்கும் எச்சிலை, ஏற்கெனவே தளர்ந்த நுரையீரலால் சமாளிக்க முடிவதில்லை.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் ஒரு ஆய்வு நடத்தினார்கள், 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பாளர்கள் பல் துலக்கிவிட்டார்கள், தேவைப்பட்டால் வாரம் ஒருமுறை பல் மருத்துவரோ அவரது உதவியாளரோ வந்து சுத்தம் செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு அவர்களுக்கு வழக்கமாக நடந்ததுதான் நடந்தது. இரண்டு வருட முடிவில் வழக்கப்படி விடப்பட்ட 182 பேரில் 34 பேருக்கு நிமோனியா வந்திருந்தது, பல் துலக்கிவிடப்பட்ட 184 பேரில் 21 பேருக்கு. சதவீதத்தில் 19க்கு 11. காய்ச்சல் வந்த நாட்களும் குறைந்தன, நிமோனியாவால் இறந்தவர்களும் குறைந்தார்கள். பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. மருந்து இல்லை, ஊசி இல்லை, பிரஷ் மட்டும்தான். இதே அளவு பலன் ஒரு புது மாத்திரையில் கிடைத்திருந்தால் ஊரெல்லாம் விளம்பரம் வந்திருக்கும்.

அதே ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான இன்னொரு ஆய்வில், கட்டுப்பல்லைக் கழற்றாமல் தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ராத்திரி கட்டுப்பல்லைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள் என்று எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன், "கழட்டினா தாத்தா முகம் பார்க்க நல்லா இல்ல" என்பார்கள்.

எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இதைப் படிக்கும் டாக்டர்கள் என்னைத் தப்பாக நினைப்பார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் 36 முதியோர் இல்லங்களில் 834 பேரிடம் கையால் பல் துலக்குவது, குளோர்ஹெக்சிடின் மருந்தால் வாயைச் சுத்தம் செய்வது, நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவது எல்லாவற்றையும் சேர்த்துச் செய்து பார்த்தபோது நிமோனியா குறையவில்லை, 2015இல் அந்த முடிவு வெளியானது. வட கரோலினாவில் நடந்த வேறொரு ஆய்வில் முதல் வருடம் பலன் தெரிந்து இரண்டாம் வருடம் மங்கிப்போனது. ஆரம்பத்தில் இருந்த அக்கறை போகப் போகக் குறைந்துவிடும் என்பது வார்டில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும், அங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் கருத்து. அப்புறம், ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குப் பல் துலக்கிவிடுவது பற்றி நடந்த 15 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2023 கடைசியில் ஒரு முடிவு வெளிவந்தது. பல் துலக்கிவிடப்பட்டவர்களுக்கு அங்கே தொற்றும் நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, முக்கியமாக வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு. ஆக மருந்து கலந்த நீரை விட வெறும் பிரஷ்ஷின் மேல்தான் எனக்கு நம்பிக்கை. சின்னக் குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், நுரை தொண்டைக்குள் போகாமல் இருக்க ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பல் இல்லாவிட்டால் விரலில் துணி சுற்றி ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் துடையுங்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி தூங்கும் முன் ஒரு தடவை. ராத்திரியை விடவே விடாதீர்கள்.

இன்னொன்று எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நம் ஊர்களில் ஒருவருக்கு நினைவு தப்பி மூச்சு வாங்கத் தொடங்கினால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பி, வருகிற ஒவ்வொருவரும் வாயில் ஒரு ஸ்பூன் பால் விடுவது வழக்கம். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன், என் பெற்றோருக்கும் நான் செய்தவள்தான். உண்மையிலேயே முடிவு நெருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னவர்கள் விஷயம் வேறு, அங்கே உதட்டை நனைத்தாலே போதும். ஆனால் நிமோனியாவால் மயங்கிக் கிடப்பவரைச் சாகப் போகிறார் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் பால் விடுவதைப் பார்த்திருக்கிறேன். விழுங்க முடியாதவருக்கு விடும் பால் நேராக நுரையீரலுக்குத்தான் போகும். ஆன்டிபயாடிக்கும் ஆக்சிஜனும் கொடுத்தால் எழுந்து உட்காரக்கூடியவருக்கு அது நடக்காமல் போகிறது. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகும் கதை முடிவதில்லை. நுரையீரலில் வந்த நோய் இதயத்தையும் தாக்குகிறது என்பது கடந்த பதினைந்து வருடங்களில் நன்றாகத் தெரிய வந்திருக்கிறது. 2012இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களில் நாலில் ஒருவருக்கு மேல், சரியாகச் சொன்னால் 26.7 சதவீதம் பேருக்கு, இதயச் செயலிழப்போ, இதயத்துடிப்புக் கோளாறோ, மாரடைப்போ ஒரு மாதத்துக்குள் வந்திருக்கிறது அல்லது ஏற்கெனவே இருந்தது மோசமாகியிருக்கிறது. 2015இல் அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 65 வயது தாண்டியவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு முதல் 30 நாளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது. பிறகு குறைந்தாலும் 10 வருடம் வரை மற்றவர்கள் அளவுக்கு இறங்கவே இல்லை. உடம்பு முழுக்க ஏற்படும் அழற்சி, ரத்தம் உறையும் தன்மை கூடுவது, ஆக்சிஜன் குறைவது எல்லாம் சேர்ந்து இதயத்தைப் படுத்துகின்றன. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமியே இதயத் தசைக்குள் புகுந்து நுண்ணிய காயங்களை உண்டாக்குவதை 2014இல் விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே நிமோனியாவிலிருந்து திரும்பியவருக்கு ஒரு மாதத்துக்குள் கால் வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால், நெஞ்சு படபடத்தால், சளி இன்னும் போகவில்லை என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள், இசிஜி எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நிறுத்தி வைத்த பிரஷர் மாத்திரையையும் இதய மாத்திரையையும் எப்போது திரும்பத் தொடங்குவது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வந்து மாதக்கணக்கில் மாத்திரை இல்லாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீராய்டு பற்றிப் பலர் கேட்கிறார்கள். பிரான்சில் ஐசியுவில் சேர்க்கப்பட்ட 800 தீவிர நிமோனியா நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள், 28 நாளில் இறப்பு 11.9 சதவீதத்திலிருந்து 6.2 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது ஐசியு நோயாளிகளுக்கு, இன்புளுயன்சாவால் வந்த நிமோனியாவை அதில் சேர்க்கவில்லை. மருந்துக்கடையில் நாமே வாங்கிக் கொடுப்பதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை, 2021இல் கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்த சர்க்கரை நோயாளிகள் கருப்புப் பூஞ்சையில் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம்.

தடுப்பூசி விஷயத்தில் அரசிடம் எனக்கு நேரடியாகவே ஒரு கோரிக்கை இருக்கிறது. குழந்தைகளுக்கு நிமோகாக்கல் தடுப்பூசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுக்க, தமிழ்நாடு உட்பட, இலவசமாக வந்துவிட்டது. பெரியவர்களுக்கு இல்லை, பணம் கொடுத்துத்தான் போட வேண்டும். நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 84,496 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஊசியில் அடங்கிய கிருமி வகைகளால் வரும் நிமோனியா 45 சதவீதம் குறைந்தது, ரத்தம்வரை பரவும் தீவிர வகை 75 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய் இருந்தவர்களுக்கு ஊசி இன்னும் நன்றாகவே வேலை செய்தது என்று பிறகு அதே தரவுகளை அலசியபோது தெரிந்தது. எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி குறைவாக இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் உள்ள ஆதங்கம். இருந்தாலும் 65 வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளுக்காவது அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடத் தொடங்கலாம்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 10.4 சதவீதம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். இன்று இன்னும் கூடியிருக்கும். இதற்குப் புதுத் திட்டம், புதுக் கட்டிடம் எதுவும் வேண்டாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. தன்னார்வலர்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்காகச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருகிறார்கள். வாசல் வரை வந்துவிட்டோம். உள்ளே போய் வாயைத் திறந்து பார்ப்பது, ஒரு வேளை ஊட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத் திருத்துவது, மூச்சை எண்ணுவது இந்த மூன்றையும் அவர்கள் வேலையில் சேர்த்தால் போதும். நடக்காது என்று சொல்ல முடியாது. 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இதே தமிழ்நாடுதான் எடை-உயர விகிதம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தை மட்டும் பார்த்து, யாரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று ஆரம்ப நிலையிலேயே பிரிக்கத் தொடங்கியது. அந்தப் பழக்கமும் கருவியும் ஊழியர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அதை வீட்டில் படுத்திருக்கும் முதியவருக்கும் கொண்டுபோக வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அரசு, தனியார் எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பக்கவாதம் வந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கும் முன் விழுங்கும் திறனைச் சோதியுங்கள். ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் செவிலியர்களே காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் மூன்றையும் வரையறை வைத்துக் கவனித்தபோது, 90 நாள் கழித்து இறந்தவர்கள், மற்றவரை நம்பி வாழ்பவர்கள் இருவரையும் சேர்த்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததை 2011இல் வெளியிட்டார்கள். நம் செவிலியர்களாலும் முடியும், ஆள் எண்ணிக்கையைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தால். டிஸ்சார்ஜ் தாளோடு ஊட்டும் முறை, வாய்ச் சுத்தம், எப்போது திரும்ப வர வேண்டும் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது, அடுத்த மருத்துவப் பக்கத்தில் விழுங்குதல் பயிற்சியாளர் ஒருவரையும் பல் மருத்துவர் ஒருவரையும் பேச வைத்து, படத்தோடு ஒரு கட்டுரை போடுங்கள். எந்தக் கோணத்தில் உட்காரவைப்பது, ஸ்பூனை எப்படிப் பிடிப்பது, வாயை எப்படித் துடைப்பது என்று படம் இருந்தால் படிக்கத் தெரியாத ஆயாம்மாவும் பார்த்துச் செய்வார், வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். அதற்குத் தேவையான குறிப்புகளை எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.